தாயும் ஆனவர் வாழும் மலை

திருச்சிராப்பள்ளிக்கு வருகிறவர்களை ஊர் வரவேற்பதற்கு முன்பே மலை வரவேற்றுவிடுகிறது. சமவெளியின் நடுவில், யாரோ கொண்டுவந்து இறக்கி வைத்துவிட்டு எடுத்துப்போக மறந்ததைப் போல, சுமார் 273 அடி உயரமுள்ள பாறை ஒன்று தனியாக நிற்கிறது. சரித்திர ஆசிரியர்களைக் கேட்டால் இந்தப் பாறையைப் பற்றி யுத்தக் கதைகளாகவே சொல்வார்கள். 1751-ஆம் ஆண்டிலும் 1752-ஆம் ஆண்டிலும் இதைச் சூழ்ந்த கோட்டைக்குள் முகம்மது அலி அடைபட்டுக் கிடந்ததையும், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் வெளியே முற்றுகையிட்டிருந்ததையும், உள்ளே இருந்தவருக்கு இங்கிலீஷ்காரர் துணைக்கு வந்ததையும் விஸ்தாரமாக வர்ணிப்பார்கள். நம்முடைய மலையின் நிழலில் அன்னியர் இரு சாரார் நம்முடைய நாட்டுக்காகச் செய்த அந்தச் சண்டையின் பலனை, நாம் ஏறக்குறைய இருநூறு ஆண்டு அனுபவித்து முடித்தோம்.

ஆனால் காவிரிக் கரைப் பெண்மணிகளைக் கேட்டுப் பாருங்கள். முகம்மது அலியையும் சந்தா சாகிபையும் அவர்கள் பொருட்படுத்துவதில்லை. அவர்களுக்கு இம்மலை கோட்டையன்று. ஒரு பிரசவ அறை.

ஸ்தல புராணம் கூறுவது இது. இவ்வூரில் இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண் கர்ப்பவதியாக இருந்தாள். பேறுகாலம் நெருங்கியது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்த அவளுடைய தாயார், பெண்ணுக்கு வேண்டியவற்றையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். வழியில் காவிரி இரு கரையும் புரண்டு ஓடியது. ஓடம் விடுவாரில்லை. தாய் அக்கரையில் தவித்துக்கொண்டிருக்க, மகளுக்கு இக்கரையில் வலி கண்டுவிட்டது. அவள் மலைமேலிருந்த செவ்வந்திநாதரை நினைத்துக் கதறினாள். சற்று நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு தாயார் உள்ளே வந்தாள், பிரசவம் பார்த்தாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், பெண்ணுக்கு மருந்து கொடுத்தாள். சில நாளில் வெள்ளம் வடிந்தது. வாசலில் மறுபடியும் தாயார் வந்து நின்றாள்! ஒரே முகமுள்ள இரண்டு தாய்மாரைக் கண்டு பெண் திகைத்திருக்கையில், முதலில் வந்தவள் மறைந்தாள். வந்தவர் யார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அன்று முதல் அப்பெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர். இன்றைக்கும் சுகப் பிரசவம் வேண்டி இங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

இந்தக் கதையில் நம் மனத்தைக் கவர்வது ஒரு சிறிய விஷயம். சர்வ வல்லமை பொருந்திய கடவுளுக்கு வெள்ளத்தை வடியச் செய்வது ஒரு பெரிய காரியமா? தாயாரை ஆகாய மார்க்கமாகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கடினமா? இவற்றில் ஒன்றையும் அவர் செய்யவில்லை. தாமே இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வெந்நீர் போட உட்கார்ந்துவிட்டார். உதவி அனுப்பவில்லை; தாமே வந்தார். அவருடைய திருநாமத்தைப் பாருங்கள்: ‘தாயானவர்’ என்று சொல்லவில்லை, ‘தாயும் ஆனவர்’ என்கிறார்கள். உலகத்துக்கெல்லாம் தந்தையாயிருப்பவர், வேளை வந்தபோது தாயாகவும் ஆனார் என்பதை அந்த ‘உம்’ காட்டுகிறது. பிற்காலத்தில் இப்பெருமானின் பெயரையே பெற்ற தாயுமான சுவாமிகள் தமிழ்நாட்டுக்குக் கிடைத்ததும் இந்த மலையின் பேறுதான்.

நாம் சென்ற ஆடி மாதம் திருச்சிக்குப் போனது தல யாத்திரையாக அன்று. நம் மனையாள் இரண்டாவது பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். ஆறு வயதான நம் பெண்ணும் அவளுடன் இருந்தாள். பத்து நாள் அவர்களோடு இருந்துவிட்டு வரலாம் என்று சென்றோம்.

போன அன்றே குழந்தையிடம் ஒரு மாறுதலைக் கண்டோம். வாய் ஓயாமல் பேசுகிறவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தாயின் அருகில் போய் உட்காருவாள். தாய் தலையைத் தடவினால் எழுந்து போய்விடுவாள். வீட்டுக்கு வருகிற உறவினர்களோ, நம் நாட்டு வழக்கப்படி, தமாஷ் என்று நினைத்துக்கொண்டு அவளிடம், “இனிமேல் உன்னை யார் கவனிப்பார்கள்? பாப்பா வந்து உன் இடத்தைப் பிடித்துக்கொள்ளப் போகிறதே!” என்றார்கள். சொல்கிறவர்களுக்கு அது ஒரு நிமிஷத்துச் சிரிப்பு. கேட்கிறவளுக்கு அது தீர்ப்பு. ஆறு வயதுக் குழந்தைக்குத் தாயின் மடிதான் ராஜ்யம். அந்த ராஜ்யம் பறிபோகப் போகிறது என்று பெரியவர்கள் பலர் கூடிச் சிரித்தால் அவள் என்ன செய்வாள்?

மறுநாள் விடியற்காலையில், “மலைக்குப் போகலாம், வா” என்று கூப்பிட்டோம். நம் மாமியார் கவலையுடன், “மாப்பிள்ளை, பிள்ளைத்தாய்ச்சியின் புருஷர் மலை ஏறுவது வழக்கமில்லையே!” என்றார். மாமனார் பத்திரிகையிலிருந்து முகத்தை எடுக்காமலே, “அங்கே இருக்கிறவரே மருத்துவச்சி வேலை பார்த்தவர். அவரைப் பார்க்கப் போவதற்குத் தடை ஏது?” என்று உத்தரவு கொடுத்துவிட்டார்.

கடைவீதியைக் கடந்தால் அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் இருக்கிறார். அவரிடம் விடைபெற்றுக்கொண்டுதான் எல்லாரும் படி ஏறுகிறார்கள். மொத்தத்தில் நானூறு படிகளுக்கு மேல் உண்டு. முதல் பகுதி பாறையைக் குடைந்த வழி, வெயில் தெரியாது. குழந்தை எண்ணிக்கொண்டே ஏறினாள். நூறு வரையில் எண்ணிக்கை சரியாக இருந்தது. அதற்குமேல் நின்றுவிட்டாள்.

“அப்பா, என்னைத் தூக்கிக்கொள்கிறீர்களா?” என்றாள். பிறகு, நாம் கேளாமலே, “அம்மா என்னைத் தூக்குவதே இல்லை” என்றாள்.

“கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மாள் சொல்லியிருக்கிறார், கண்ணு.”

“பாப்பாவை மட்டும் எப்போதும் தூக்கிக்கொண்டேதானே இருக்கிறாள்?”

வக்கீல்களுக்கும் எளிதில் அகப்படாத வாதம் இது. பிள்ளையைச் சுமக்கிற தாயைப் பெரியவர்கள் ஒருவிதமாகப் பார்க்கிறோம். கீழே நின்று கைநீட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதே காட்சி வேறுவிதமாகத் தெரிகிறது. இரண்டு மாதமாக அவள் மனத்தில் அடைபட்டிருந்தது இதுதான் என்று அப்போது தெரிந்தது. நாம் தர்க்கம் ஒன்றும் செய்யவில்லை. குனிந்து அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டோம்.

ஏறிக்கொண்டே, அவளையும் அவள் தாய் இதே மாதிரி பத்து மாதம் ஒரு நிமிஷமும் கீழே வைக்காமல் சுமந்த கதையைச் சொன்னோம். “அப்போது நான் என்ன செய்தேன்?” என்று கேட்டாள். “உதைத்தாய். ராத்திரி எல்லாரும் தூங்குகிற சமயம் பார்த்து உதைத்தாய்” என்றோம். தன் பராக்கிரமத்தைக் கேட்டு அவளுக்குப் பரம திருப்தி. அந்தக் கதையை மூன்று தடவை சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை நமக்கு மூச்சு வாங்கியது.

சற்று உட்கார்ந்தோம். இந்த ஊரிலிருந்து புறப்பட்ட இன்னொரு நடைப் பிரயாணம் நினைவுக்கு வந்தது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு எடுக்கக் கால்நடையாகக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 150 மைல். சோறு போடுகிறவர்களையும் தங்க இடம் கொடுக்கிறவர்களையும் சர்க்கார் மிரட்டி வைத்திருந்தது. அப்படியிருந்தும் சித்திரை வெயிலில் நடந்து, ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரணியம் போய்ச் சேர்ந்தார்கள். இதைக் குழந்தைக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

“அவர்களை யாராவது தூக்கிக்கொண்டார்களா?”

“இல்லை, அம்மா.”

உடனே எழுந்து, “நான் நடக்கிறேன்” என்றாள். தேச சரித்திரத்தைக் குழந்தைகளுக்குச் சொல்வதில் தகப்பன்மாருக்கு இப்படிப்பட்ட நேரடியான லாபமும் உண்டு.

மலையின் நடுப்பகுதியில் தாயுமானவர் சந்நிதி. இலிங்கத் திருமேனி பெரியது, அம்பிகை மட்டுவார்குழலி. அப்பரும் சம்பந்தரும் பாடிய ஸ்தலம். நாம் போன வேளையில் ஒரு குடும்பத்தார் தார் கொண்டுவந்திருந்தார்கள். பாட்டியின் கையில் துணி சுற்றிய சிசு. பக்கத்தில் இளம் தாய். அவர்கள் இருவரையும் எல்லாரும் விசாரித்தார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் மூன்று வயதுப் பையன் ஒருவன் தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனை ஒருவரும் விசாரிக்கவில்லை. பெரியவர்கள் கண்ணில் படாத அவன் நம் பெண்ணின் கண்ணில் பட்டுவிட்டான். தனக்குக் கிடைத்த பிரசாத வாழைப்பழத்தைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தப் பையனைப் பார்த்தபோது நமக்குத் தோன்றியதை வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறோம். இரத்தினாவதியின் காலம் போய்விட்டது. இன்று காவிரிக்குப் பாலங்கள் இருக்கின்றன. 2008-ஆம் ஆண்டு முதல் 108 என்ற எண்ணைக் கூப்பிட்டால் வண்டி வாசலுக்கு வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெயரால் 1987-ஆம் ஆண்டு தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் ஏழைத் தாய்மாருக்குப் பணமும் சத்துணவும் கொடுக்கிறது. சுதந்திர நாடு தன் தாய்மாருக்காகச் செய்திருக்கும் இந்தக் காரியங்கள் பெருமைக்குரியவை. தாய்க்கு ஆஸ்பத்திரி உண்டு. பிறக்கப் போகிற குழந்தைக்குத் தொட்டில் உண்டு. ஆனால் முன்னமே பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தச் சில மாதங்கள் யார் தாய்? அதற்குச் சர்க்கார் திட்டம் போட முடியாது. அவளுக்கும் ஒரு காவிரி குறுக்கே ஓடுகிறது. தாய் கண்ணெதிரேதான் இருக்கிறாள், எட்டத்தான் முடியவில்லை. வெள்ளம் வடிகிற வரையில் யாராவது தாயுமாக வேண்டும். அந்த வேலை வீட்டிலிருக்கும் தகப்பனுடையது.

அதற்கு மேலே உச்சிக்குப் போகும் வழியில், இடப்புறமாக ஒரு குகைக் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அவனுடைய விருதுப் பெயர் ஒன்றை வைத்து இதை லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று அழைத்தார்கள். உள்ளே கங்காதர மூர்த்தியின் சிற்பம். வானிலிருந்து இறங்கும் கங்கையைச் சிவபெருமான் ஒரு சடையில் ஏற்கிறார். அப்பாறையிலேயே சம்ஸ்கிருதத்தில் மகேந்திரனின் சாசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஓர் அழகிய கற்பனை: சிவனுக்கு நதிகளின்மேல் பிரியம் அதிகம், கீழே ஓடும் காவிரியைப் பார்த்துவிட்டால் அவளிடமும் மனத்தைப் பறிகொடுத்துவிடுவாரோ என்று மலைமகள் அஞ்சினாளாம். ஆகையால் பிறந்தகத்தை விட்டு வந்து இம்மலையிலேயே நிலையாகத் தங்கி, “இந்த நதி பல்லவனுடைய காதலி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்!

சிற்ப சாஸ்திரிகள் இதில் காண்பவை பல இருக்கலாம். நாம் கண்டது வேறு. அன்பு பங்கிடப்பட்டால் குறைந்துபோகும் என்ற பயம் ஜகன்மாதாவுக்கே வந்ததாக ஒரு கவியரசன் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதி வைத்திருக்கிறான். அப்படியிருக்க, ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தப் பயம் வந்தால், “பொறாமைக்காரி” என்று பெயர் வைக்க நமக்கு என்ன பாத்தியதை? பயம் குற்றமன்று. பயப்படுகிறவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். மலைமகளுக்கு ஒரு மலையே இடம் கிடைத்தது. நம் பெண்ணுக்கு அன்று ஒரு தோள் கிடைத்தது.

கடைசிப் படிகள் திறந்த வெளியில், பாறையிலேயே வெட்டியவை. உச்சியில் பிள்ளையார் வீற்றிருக்கிறார். விபீஷணன் எடுத்துச்சென்ற ரங்கநாதரைச் சிறுவன் உருவில் வாங்கித் தரையில் வைத்துவிட்டு, அவன் துரத்தி வந்தபோது ஓடிவந்து இங்கே உட்கார்ந்துகொண்டவர். விபீஷணன் கோபத்தில் நெற்றியில் குட்டிய கதையைக் குழந்தை மிகவும் ரசித்தாள். பிறகு வெளியே வந்து நின்றோம். வடக்கே புது வெள்ளத்துடன் காவிரி. அதற்கப்பால் தீவாகப் பச்சை போர்த்த ஸ்ரீரங்கம், 1987-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரம், கிழக்கே திருவானைக்கா, தொலைவில் கொள்ளிடம். கீழே குனிந்தால் தெப்பக்குளம். அதன் பக்கத்தில் லூர்து மாதா ஆலயத்தின் கூரிய கோபுரம். காற்று நம்மையே தள்ளியது. அவள் நம் விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, கீழே ஒரு பிள்ளையார், மேலே ஒரு பிள்ளையார். அவருடைய அப்பாவும் அம்மாவும் நடுவில்.”

“ஆமாம்.”

“முருகன் சின்னவன். அவன் உள்ளே அவர்களோடு இருப்பான். அண்ணாதான் இரண்டு பக்கமும் காவல்.”

நாம் பதில் சொல்லவில்லை. பதில் அவளுக்கே கிடைத்துவிட்டது. கைப்பேசியில் தாயைக் கூப்பிட்டு, “அம்மா, பாதி தூரம் நானே நடந்தேன்!” என்று காவிரிக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்.

இவ்வளவிலே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கதாசிரியர்கள் எழுதுவார்கள். உண்மை அப்படியன்று. மறுநாள் மறுபடியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நாம் மறுபடியும் அவளை அழைத்துக்கொண்டு வெளியே போனோம். பத்து நாளும் காலை வேளை அவளுடையது என்று வைத்துக்கொண்டோம். புதிய பொம்மை ஒன்றும் வாங்கித் தரவில்லை. “பாப்பா வந்தால் உனக்கு விளையாடத் துணை” என்ற பேரமும் பேசவில்லை. பிறக்கிற சிசு ஒரு வருஷத்துக்குத் தூங்கவும் அழவுமே செய்யும் என்பது குழந்தைகளுக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியுமல்லவா?

ஆடிப் பதினெட்டாம் நாள் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குச் சென்றோம். அன்றைக்குக் காவிரியைப் பார்க்க வேண்டும்! பெண்கள் மஞ்சள் சரடும் காதோலை கருகமணியும் கொண்டுவந்து நதிக்குச் சமர்ப்பிக்கிறார்கள்; குழந்தைகள் சப்பரம் இழுக்கிறார்கள். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சஞ் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் கரையிலேயே படைத்துப் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. ஆடி மாதத்தில் காவிரித் தாய் கர்ப்பவதி, மசக்கைக்காரி. ஆகையால் வாய்க்கு ருசியாகச் சித்திரான்னம் கொடுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட பாவனை. ஸ்ரீரங்கநாதரும் இந்தப் படித்துறைக்கு எழுந்தருளி, காவிரிக்குச் சேலையும் மாலையும் சீராகக் கொடுக்கிறார். நதியைத் தாயாக நினைக்கிற தேசங்கள் பல இருக்கலாம். தாய்க்கு மசக்கை என்று எண்ணிப் புளிச்சாதம் எடுத்துப்போகிற பரிவைக் காவிரிக் கரையில் கண்டோம்.

இந்தச் செய்தி நம் பெண்ணின் மனத்தில் ஆழப் பதிந்தது. “காவிரிக்கும் பாப்பா வருமா?” என்றாள். “வரும். தஞ்சாவூர் வரையில் நெல் பச்சைப்பசேலென்று வருமே, அவையெல்லாம் காவிரியின் குழந்தைகள்தான்” என்றோம். “அத்தனை குழந்தைகளா! எல்லாருக்கும் தண்ணீர் போதுமா?” என்று கவலைப்பட்டாள். மேட்டூர் அணையைத் திறப்பதைப் பற்றி மந்திரிகளும் இப்படித்தான் கவலைப்படுகிறார்கள். “போதுமாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை பேரும் கும்பிடுகிறார்கள்” என்று சொன்னோம். அவள் தன் பங்குப் புளியோதரையில் ஒரு பிடியை ஆற்றில் விட்டாள். மிச்சத்தைச் சாப்பிடவில்லை. இலையில் மடித்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே தாயிடம் போனாள். “உனக்கு மசக்கையாமே, இந்தா” என்று இலையைப் பிரித்து நீட்டினாள். எட்டாம் மாதத்தில் மசக்கை இல்லை என்று அவளுக்கு ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை. தாய் வாயைத் திறந்தாள், மகள் ஊட்டினாள். பிறகு தாய் பாயில் உட்கார்ந்தபடியே பக்கத்தில் இடம் காட்டினாள். மடியில்லாவிட்டாலும் பக்கம் இருக்கிறது என்று அன்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் காலையிலேயே போவது நலம். உச்சிப் படிகளின் கல் பகலில் காலைச் சுடும். இரண்டாவது குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன்மார் மூத்த குழந்தையை அழைத்துச் செல்வது அதைவிட நலம். மலை இல்லாத ஊராக இருந்தால் குளக்கரை போதும், கடைத்தெரு போதும். போகிற இடம் முக்கியமன்று. குழந்தை தானாகப் பேசத் தொடங்குகிற வரையில் கூட நடப்பதே முக்கியம். நம் வீட்டில் பேறுகாலத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. ஆனால் அதற்குப் பிறகு தாயுமானவருக்குத் தார் எடுத்துப்போவதற்கான ஏற்பாடுகள் இப்போதே முடிந்துவிட்டன. தாரை அப்பா தூக்க வேண்டும். பாப்பாவைப் பாட்டி தூக்க வேண்டும். அம்மா மெதுவாக நடக்க வேண்டும். தான் ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறப் போவதாகவும், தூணோரத்தில் நிற்கிற குழந்தைகளுக்கு அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுக்கப் போவதாகவும் நம் பெண் உத்தரவு பிறப்பித்திருக்கிறாள்.